பாதிவலு என்பது யாது?

நுண்ணலை அடுப்பிலே ‘பாதிவலு’ எனக் குறித்திருப்பதைக் காண்போர், விறகடுப்பில் நெருப்பைத் தணிப்பது போன்றதே அஃது என எண்ணுவர். பெரும்பாலான அடுப்புகளில் நிகழ்வது வேறு. அலைகளைப் பிறப்பிக்கும் மக்னற்றோன் என்னும் குழல் சில விநாடி முழுவலுவுடன் இயங்கும். பின்னர்ச் சில விநாடி ஓய்ந்திருக்கும். அவ்வோய்விலேதான் சூடு உணவினுள்ளே பரவுகின்றது.

உறைந்த இறைச்சிக்கு இவ்வோய்வு இன்றியமையாதது. பனிக்கட்டியைக் காட்டிலும் நீரே அலைகளை மிகுதியாக உறிஞ்சுமாதலின், முழுவலுவில் வைத்தால் முதலில் உருகிய ஓரம் வெந்துவிடும். நடுப்பகுதி உறைந்தே கிடக்கும். ‘இன்வேட்டர்’ பொருத்திய அடுப்புகளோ வலுவையே குறைத்து, இடைவிடாது இளஞ்சூடு தருவன.

சிக்கனமும் கருதத்தக்கது. ஏறத்தாழ 1200 உவாற்று மின்வலுவைப் பெறும் அடுப்பு, உணவுக்கு அளிப்பது 800 உவாற்று அளவே. ஆதலின் சிறிதளவு உணவைச் சூடாக்க இதனையும், நிறைய நீரைக் கொதிக்கவைக்க மின்கேத்தலையும் பயன்படுத்துக. உணவை மூடிவைத்து, இடையிடையே கிளறுக.

தாய்மார் ஒன்றை மறத்தலாகாது. இவ்வடுப்பில் வைத்த பாற்போத்தல் வெளியே குளிர்ந்திருக்க, உள்ளே பால் குழந்தையின் நாவைச் சுடுமளவு கொதித்திருக்கலாம். பாற்போத்தலை வெந்நீரில் வைத்து இளஞ்சூடாக்குவதே நன்று.