வரப்புச் சண்டையும் பூசை நேரமும்

வல்லத்திராக்கோட்டையிலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். கொழுந்தனார் இரவோடிரவாக வரப்பைச் செதுக்கி, ஒரு முழ நிலத்தைத் தன் பக்கம் சேர்த்துக் கொண்டாராம். மூன்று மாதமாகப் பேச்சு இல்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக் கைகூப்பும் நேரம் வந்தால், இவர் கீழே விழாத ஜெபமாலையைக் குனிந்து தேடுகிறாராம்! கோபப்படுவது பாவமா என்று கேட்கிறார்.

கோபம் வருவதே பாவம் என்று யார் சொன்னது, அம்மா? ஓய்வு நாளில் சூம்பிய கைக்காரன் ஒருவனைக் குணமாக்குவதா கூடாதா என்று இயேசுநாதர் கேட்டபோது, சுற்றியிருந்தவர்கள் வாயைத் திறக்கவில்லை. அவர் சினத்தோடு அவர்களைப் பார்த்தார் என்றே மாற்கு எழுதுகிறார். அந்தச் சினத்தில் வருத்தமும் கலந்திருந்தது. அது யார் மேலும் பாயவில்லை. அடுத்த கணம் சூம்பிய கை நேராயிற்று.

கோபத்தைக் குடிவைப்பதுதான் ஆபத்து. நம் பாட்டிமார் சின்னப்பர் என்று அழைத்த பவுல், எபேசு நகரத்தாருக்கு எழுதியபோது பொழுது சாயும் வரைதான் அதற்குத் தவணை கொடுத்தார். உங்கள் கோபமோ தொண்ணூறு அஸ்தமனம் கண்டுவிட்டது!

'வரப்பை இழந்தவளுக்கல்லவா தெரியும்' என்பீர்கள். வரப்பைவிடப் பெரியதை இழந்தவர்கள் உண்டு. கேரளத்துக் கன்னியாஸ்திரீ ராணி மரியா, மத்தியப் பிரதேசத்து ஏழைக் குடியானவர்களைக் கடன்காரர் பிடியிலிருந்து மீட்கப் பாடுபட்டார். அது பிடிக்காதவர்கள் ஏவிவிட்ட சமுந்தர் சிங் என்ற வாலிபன், 1995 பிப்ரவரி 25-ம் தேதி ஓடும் பஸ்ஸில் அவரைக் கத்தியால் குத்திக் கொன்றான். ஆயுள் தண்டனை கிடைத்தது. 2002-ல் ராணி மரியாவின் சொந்தத் தங்கை ஸெல்மி பால், அவரும் கன்னியாஸ்திரீதான், சிறைக்குப் போய் அவன் கையில் ராக்கி கட்டித் தம்பியாக ஏற்றுக்கொண்டார். 2006-ல் அவன் விடுதலையான பின் கேரளத்துக்கும் போனான். பெற்ற தாய் அந்தக் கைகளை முத்தமிட்டார். இதை எழுதும்போது எனக்கே கை நடுங்குகிறது. ராணி மரியாவுக்கு 2017-ல் இந்தூரில் முத்திப்பேறு பட்டம் அளிக்கப்பட்டது.

ஒன்றைக் கவனியுங்கள்: கொலையை அவர்கள் நியாயமென்று சொல்லவில்லை. குற்றவாளி பதினொரு வருஷம் சிறையில் இருந்தான். மன்னிப்பு வேறு, வழக்கு வேறு. ஆகவே வரப்பை விட்டுக்கொடுங்கள் என்று நான் சொல்லப் போவதில்லை.

ஆனால் ஒரு கேள்வி. கடிதத்தில் நாத்தனார், மாமியார், கிணற்றடிப் பெண்கள் எல்லோரிடமும் முறையிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். கொழுந்தனாரிடம் கேட்டதாக ஒரு வரி இல்லையே! சகோதரன் குற்றம் செய்தால் முதலில் அவனிடம் தனியே போய்ச் சொல் என்பது மத்தேயு சுவிசேஷம் காட்டும் வழி. சாட்சிகளும் சபையும் அப்புறம்தான். ஊரைக் கூட்டிய பிறகு, குற்றவாளிகூட ரோஷத்துக்காகவே பிடிவாதம் பிடிப்பான்.

இந்த வாரம் கணவரையும் அழைத்துக்கொண்டு, விளக்கு வைப்பதற்குள் போய் வாருங்கள். வெறுங்கையோடு போகாமல் குழந்தைகளுக்கு ஏதாவது வாங்கிப் போங்கள். அப்படியும் அவர் மசியவில்லையா? முறைப்படி மனுக் கொடுத்து, சர்வேயரை வரவழைத்துக் கல் நட்டுவிடுங்கள். சர்வேயர் வரும் நாளில் கொழுந்தனாருக்கும் சேர்த்துக் காப்பி போட மறக்காதீர்கள்.