நத்தார்ப் பரிசு

நத்தார்ப் பண்டிகை அண்மிவிட்டது. கடைத்தெருக்கள் மின்னொளியில் மிதக்கின்றன. ‘யாருக்கு எதை வாங்குவது?’ என்பதே இன்று பல இல்லங்களில் பண்டிகையின் முதற் கேள்வியாகிவிட்டது. அதற்கு விடைகாண நகையை அடைவு வைப்போரும் உளர்.

நான் சைவக் குடும்பத்திற் பிறந்தவன். ஆயினும் நத்தார் எனக்கு அந்நியமான பண்டிகையன்று. எமது அயலில் ஒரு கத்தோலிக்கக் குடும்பம் வாழ்ந்தது. மார்கழி பிறந்ததும் அவ்வீட்டுப் பிள்ளைகள் வைக்கோலும் கடதாசியும் கொண்டு பாலன் குடில் அமைக்கத் தொடங்குவர். களிமண்ணில் ஆடு செய்யும் வேலை எனக்குரியது. நத்தாருக்கு முன்னிரவில் தாயார் பயற்றம் பணியாரம் சுட, தந்தையார் அடுப்படியிலே அமர்ந்து கதை சொல்வார். தொலைவிலே உத்தியோகம் பார்த்த அவர், ஆண்டில் அச்சில நாட்களே வீட்டில் நிற்பவர். பிள்ளைகளுக்கு அவர் என்ன வாங்கி வந்தார் என்பது என் நினைவில் இல்லை. சொன்ன கதைகள் நினைவிலுண்டு.

நத்தாருக்குப் பரிசளிப்போர், பொன்னும் தூபமும் வெள்ளைப்போளமும் கொணர்ந்த ஞானியரை ஆதாரங் காட்டுவர். அது மத்தேயுவின் நற்செய்தி தரும் செய்தி. லூக்காவின் நற்செய்தியிலோ இடையர்கள் வருகின்றனர். அவர்கள் எதையேனும் கொண்டு வந்ததாக அங்கே ஒரு சொல்லும் இல்லை. வந்தனர், கண்டனர், மகிழ்ந்து மீண்டனர். அவர்தம் வருகையே காணிக்கையாயிற்று. பொன் கொணர்ந்த ஞானியருங்கூட அதனைப் பிறர் கையிற் கொடுத்தனுப்பவில்லை. நெடுவழி கடந்து தாமே வந்தனர்.

ஓ. ஹென்றியின் ‘ஞானியரின் பரிசு’ என்னும் சிறுகதை 1905 டிசெம்பரில் நியூயோர்க் ஞாயிறு ஏடொன்றில் வெளிவந்தது. மனைவி தன் கூந்தலை விற்றுக் கணவனின் கடிகாரத்துக்குச் சங்கிலி வாங்குகிறாள். கணவனோ கடிகாரத்தை விற்று அவள் கூந்தலுக்குச் சீப்புகள் வாங்குகிறான். இதனைத் தியாகத்தின் கதையாகவே கற்பிக்கிறோம். நன்று. ஆனால் முடிவையும் நோக்குக. பரிசுகளை ஒருபுறம் வைத்துவிட்டு, இராவுணவை அடுப்பிலேற்றும்படி கணவன் சொல்கிறான். எஞ்சியவை ஒருவேளை உணவும், அதனைப் பகிர்ந்துண்ண இருவரும்.

எமக்கு இதில் தனியான ஒரு நோவு உண்டு. 1983 ஆம் ஆண்டுக்குப் பின் எமது குடும்பங்கள் பல ரொறன்ரோ, லண்டன், பாரிஸ் எனச் சிதறின. பொதி வருகிறது, பிள்ளை வருவதில்லை. வர இயலாதோரைக் குறைகூற நான் துணியேன். ஆனால் கொழும்பிலிருந்து ஓரிரவிலே ஊரை அடையக்கூடியோர் பொதியோடு அமைதி கொள்வது முறையாகுமா? ஒரே கூரையின்கீழ் இருந்தும் கைத்தொலைபேசியில் முகம் புதைத்திருப்பது முறையாகுமா?

2004 ஆம் ஆண்டு நத்தாருக்கு மறுநாட் காலை, ஆழிப்பேரலை எமது கரையோர இல்லங்களைப் பொருளோடும் உயிரோடும் வாரிச் சென்றது. பலருக்கு அந்த நத்தார் நாளே உறவினரோடு கூடியிருந்த இறுதி நாளாயிற்று. நாளையும் இவர்கள் இருப்பர் என்ற எண்ணத்திலேதான் நாம் வருகையைத் தள்ளிப்போடுகிறோம்.

ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். விடுமுறை முடிந்து வரும் மாணவரிடம், ‘நத்தாருக்கு என்ன கிடைத்தது?’ என வினவாதீர்கள். அவ்வினாவின் முன் தலைகுனியும் பிள்ளை எவ்வகுப்பிலும் இருக்கக்கூடும். ‘வீட்டில் என்ன கதை பேசினீர்கள்?’ என வினவுங்கள். அதற்கு விடைசொல்லப் பணம் வேண்டியதில்லை.

வாசகர் அனைவருக்கும் எமது நத்தார் வாழ்த்துக்கள்.