வானத்துக் கண் கண்டால் போதுமா?

தோப்புக்குக் காவலாளியை அமர்த்திவிட்டோம், இனித் திருட்டு நடவாது என்று கதவடைத்து உறங்குகிறவனை விவேகி என்று எவரும் சொல்லார். கள்வனைக் கண்டவுடன் காவலாளி கூவ வேண்டும். கூவியபின் வீட்டார் எழுந்து வர வேண்டும். வெப்பமண்டலக் காடுகளின் விஷயத்தில் உலகம் இன்று அப்படித்தான் உறங்கிக் கொண்டிருக்கிறது. "செயற்கைக்கோள்கள் பார்த்துக் கொண்டிருக்கின்றன, எவ்வளவு காடு அழிந்தது, எத்தனை டன் கரியமில வாயு வெளிப்பட்டது என்று கணக்கிடலாம், கணக்கு இருந்தால் காடு பிழைக்கும்" என்பதே மாநாடுகளில் ஓதப்படும் மந்திரம். இதை அப்படியே ஏற்பதற்கில்லை. கணக்கு வேண்டும்; அது முழுக் கணக்காக இருக்க வேண்டும்; கணக்கைத் தொடர்ந்து செயல் வேண்டும். பின்னிரண்டும் இல்லாத கணக்கு, இறந்தோர் பதிவேடே அன்றி மருத்துவம் ஆகாது.

கண்ணும் கையும்

அமேசான் காட்டின் பெரும்பகுதியைத் தன்னகத்தே கொண்ட பிரேசில் நாட்டை எடுத்துக்கொள்வோம். அந்நாட்டின் தேசிய விண்வெளி ஆய்வு நிறுவனம், 1988 முதல் ஆண்டுதோறும் அழிந்த காட்டின் பரப்பைச் செயற்கைக்கோள் படங்களால் அளந்து வருகிறது. 2004இல் அது காட்டிய அளவு 27,772 சதுர கிலோமீட்டர். தமிழகத்தின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கிற்கும் மேலான காடு ஒரே ஆண்டில் மறைந்தது. அவ்வாண்டிலேயே, காடு வெட்டப்படும் இடத்தை விரைந்து அறிவிக்கும் மற்றோர் ஏற்பாடும் தொடங்கியது.

பிறகு நடந்ததே முக்கியம். மரினா சில்வா சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த காலம் அது. எச்சரிக்கை வந்த இடங்களுக்கு அதிகாரிகள் நேரில் சென்றார்கள், தண்டம் விதித்தார்கள், இயந்திரங்களைப் பறிமுதல் செய்தார்கள். புதிய காப்புக்காடுகள் அறிவிக்கப்பட்டன. புதிதாகக் காடழித்த நிலத்தில் விளைந்த சோயாவை வாங்குவதில்லை என்று 2006இல் பெருவணிகர்கள் உடன்பட்டார்கள். 2008இல் சட்டத்தை மீறிய பண்ணைகளுக்கு வங்கிக் கடன் மறுக்கப்பட்டது. 2012இல் காடழிப்பு 4,571 சதுர கிலோமீட்டராகக் குறைந்தது. கண் கண்டது, கை செய்தது.

காட்சி மாறியது. 2019இல் காடழிப்பு பெருகுவதைக் கணக்குகள் காட்டியபோது, அன்றைய குடியரசுத் தலைவர் பொல்சொனாரோ அக்கணக்குகளையே பொய் என்றார். அவற்றிற்காக வாதாடிய விண்வெளி நிறுவனத் தலைவர் ரிக்கார்டோ கால்வோ ஆகஸ்டில் பதவி நீக்கப்பட்டார். முகம் அழுக்காக இருக்கிறது என்று காட்டிய கண்ணாடியை உடைத்த கதை இது. 2021இல் அழிவு 13,038 சதுர கிலோமீட்டர் ஆயிற்று. செயற்கைக்கோள்கள் குருடாகிவிடவில்லை, அரசின் கை ஓய்ந்துபோயிற்று. 2023இல் மீண்டும் அந்தக் கை அசைந்ததும், 2024இல் அளவு 6,288 ஆக இறங்கியது. தொழில்நுட்பமே காட்டைக் காக்கும் என்பார்க்கு இதைவிட வேறு மறுமொழி தேவையா?

நின்றபடியே சாகும் காடு

அந்தக் கணக்கும் முழுமையானதன்று. மேற்சொன்ன ஆண்டுக் கணக்கு, காடு அடியோடு வெட்டப்பட்ட இடங்களையே அளக்கிறது. ஆனால் காடு வெட்டினால் மட்டுமா சாகிறது? விலையுயர்ந்த மரங்களைத் தேடி நான்கு மரம் வெட்டுகிறார்கள்; அவற்றை இழுத்துவர வழி திறக்கிறார்கள். மேல்விதானம் கிழிகிறது, வெயில் தரையைத் தொடுகிறது, என்றும் ஈரமாயிருந்த சருகு காய்கிறது. அருகிலுள்ள மேய்ச்சல் நிலத்தில் வைத்த தீ, முழங்கால் உயரத்தில் உள்ளே ஊர்ந்து செல்கிறது. தீயையே அறியாத மெல்லிய பட்டை கொண்ட மரங்கள் அவ்வாண்டும் அடுத்தடுத்த ஆண்டுகளிலும் ஒவ்வொன்றாய்ப் பட்டுப்போகின்றன. கீழே செடிகொடிகள் தழைப்பதால் மேலிருந்து பார்த்தால் மீண்டும் பச்சை தெரிகிறது. பச்சை தெரிந்தால் பிழையில்லை என்கிறது கணக்கு!

இந்த நலிவு சிறிய விஷயமன்று. 2010 முதல் 2019 வரை பிரேசில் அமேசானில் தரைக்குமேல் அழிந்த தாவரப் பொருளின் மொத்த அளவில், காடழிப்பால் போனது 27 விழுக்காடு, நலிவால் போனது 73 விழுக்காடு என்று 2021இல் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. நாம் கணக்கில் பெரிதாய் எழுதியது சிறியது. எழுதாமல் விட்டதே பெரியது. காடழிப்பு குறைந்ததென்று மகிழ்ந்த அதே 2024இல் வறட்சியும் தீயும் அமேசானை வாட்டின. வெப்பமண்டலங்களில் அவ்வாண்டில் இழந்த முதுகாடு 67 லட்சம் எக்டேர். அதில் ஏறத்தாழப் பாதி தீக்கு இரையானது.

இதை அளக்க வழியில்லை என்று இனிச் சொல்ல முடியாது. மேகத்தையும் ஊடுருவிக் காணும் ராடார் கருவிகள் வந்துவிட்டன. 2025 ஏப்ரலில் ஐரோப்பிய விண்வெளி முகமை காட்டின் எடையை மதிப்பிடவென்றே ஒரு கோளை ஏவியது. அதே ஆண்டு ஜூலையில், இந்தியாவும் அமெரிக்காவும் சேர்ந்து உருவாக்கிய நிசார் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து விண்ணேறியது. கருவிக்குக் குறைவில்லை, உண்மையைக் கேட்க மனமில்லாமையே குறை.

எது காடு என்னும் கேள்வியிலேயே கணக்கு வளைந்துவிடுவதுமுண்டு. நம் நாட்டில் ஓர் எக்டேருக்கு மேற்பட்ட நிலத்தில் பத்து விழுக்காட்டிற்கு மேல் மரநிழல் இருந்தால், அது எவருடைய நிலமாயினும் எம்மரமாயினும், இந்திய வனக் கணக்கெடுப்பு நிறுவனம் அதை வனப்பரப்பில் சேர்க்கிறது. சோலைக்காடும் தோப்பும் ஒரே பேரேட்டில் ஏறுகின்றன. ஒன்று அழிந்து மற்றொன்று பெருகினால் மொத்தம் குறையாது; காடு மட்டும் குறைந்துவிடும்.

வராத செலவில் மிச்சம்

மூன்றாவது குறை வணிகம். காட்டைக் காக்கும் ஏழை நாடுகளுக்குச் செல்வ நாடுகள் ஈடு தரவேண்டும் என்ற யோசனையைப் பாப்புவா நியூகினியும் கோஸ்டாரிக்காவும் 2005இல் முன்வைத்தன. யோசனை நீதியானதே. ஆனால் சந்தை அதைத் தன்வழி வளைத்துக் கொண்டது. "எங்கள் திட்டம் இல்லாவிடில் இவ்வளவு காடு அழிந்திருக்கும்" என்று மிகையாய் மதிப்பிட்டு, அழியாத மீதிக்குச் சான்றிதழ் விற்கிறார்கள். அதை வாங்கிய தொழிற்சாலை தன் புகைபோக்கியைக் குறைக்காமலே குறைத்ததாகக் கணக்கு எழுதுகிறது. நூறு ரூபாய் செலவழிக்க எண்ணியிருந்தேன், பத்துதான் செலவழித்தேன், ஆகவே தொண்ணூறு ரூபாய் சம்பாதித்தேன் என்பவனுக்கு எவர் கடன் கொடுப்பார்? ஆறு நாடுகளில் 26 திட்டங்களை ஆராய்ந்து 2023இல் வெளியான ஆய்வு, அவற்றுள் பெரும்பாலானவை காடழிப்பைக் குறிப்பிடத்தக்க அளவு குறைக்கவில்லை என்று கண்டது. இவ்வணிகம் புதியதோர் ஊக வாணிபமாகிவிடக் கூடும் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் எச்சரித்ததை நம்மில் எத்தனை பேர் படித்தோம்?

கணக்கில் வராத மனிதர்கள்

காட்டைக் கரிமக் கிடங்காக மட்டும் பார்க்கும் கண்ணுக்கு, அதனுள் வாழும் மனிதர் தெரிவதில்லை. பழங்குடியினர் உரிமை உறுதி செய்யப்பட்ட நிலங்களில் காடழிப்பு மிகக் குறைவு என்பதை அதே செயற்கைக்கோள் படங்கள் காட்டுகின்றன. செலவின்றிக் காவல் காப்பவர்கள் அவர்களே. அக்காவலின் விலை என்ன என்பதை அருட்சகோதரி டாரதி ஸ்டாங் அறிந்திருந்தார். அமெரிக்காவில் பிறந்து, 1966இல் பிரேசில் சென்று, பாரா மாநிலத்து அனாப்பூவில் ஏழை உழவரோடு வாழ்ந்தவர் அவர். காட்டின் பெரும்பகுதியை நிற்கவிட்டே பிழைக்கும் குடியிருப்புகளுக்காக உழைத்தார்; மரக்கள்வரையும் நிலம் பறிப்போரையும் பற்றி அதிகாரிகளிடம் ஓயாது முறையிட்டார். 2005 பிப்ரவரி 12ஆம் நாள், 73 வயதில், காட்டுப் பாதையில் சுட்டுக் கொல்லப்பட்டார். விரைந்து எச்சரிக்கும் செயற்கைக்கோள் ஏற்பாடு அப்போது இயங்கிக் கொண்டுதான் இருந்தது. வானத்துக் கண் மரம் வீழ்வதைக் காணும். சாட்சி சொன்னவர் வீழ்வதைக் காணாது.

அமேசானுக்கென 2019 அக்டோபரில் உரோமையில் கூடிய ஆயர் மாமன்றம், அம்மக்களின் கூக்குரலையும் நிலத்தின் கூக்குரலையும் ஒன்றாகக் கேட்டது. அதை நாம் ஏதோ தூரதேசத்துச் செய்தியாக வாசித்துக் கடந்துவிட்டோம். காடு மூச்சாய் விடும் கரிமத்திற்கு எல்லைக்கோடு இல்லை. அதனால் பொய்க்கும் பருவமழைக்கும் இல்லை.

ஆகவே, "காடழிப்பு குறைந்துவிட்டது" என்ற அறிக்கையை இனிப் படிக்கும்போது மூன்று கேள்விகளைக் கேட்போம். நலிந்த காடும் இதில் அடங்கியிருக்கிறதா? எச்சரிக்கை வந்த இடத்திற்கு யார் போனார்கள்? அங்கே வாழும் மக்களின் நிலவுரிமை என்னவாயிற்று? இவற்றிற்கு விடை தராத கணக்கு எத்துணைத் துல்லியமாயினும் அரைகுறைச் சாட்சியமே. பொய்ச்சாட்சி சொல்லலாகாது என்று சிறுவயதில் மறைக்கல்வி வகுப்பில் கற்றோம். பாதியை மறைத்துப் பாதியைச் சொல்வதும் அக்கட்டளைக்குள் அடங்கும் என்பதை வளர்ந்தபின் மறந்துவிடலாமா?