சாவிக்கு விலை வைத்த பெட்டி



கைப்பேசி விளையாட்டுகளைக் குறித்து நம் பள்ளிவாசல்களில் நிகழும் பயான்களைச் சில ஆண்டுகளாகக் கூர்ந்து கேட்டு வருகிறேன். துப்பாக்கி பேசப்படுகிறது. இரத்தம் பேசப்படுகிறது. வீணாகும் நேரமும், உருவப் படங்களும், இசையும் பேசப்படுகின்றன. ஒன்று மட்டும் பேசப்படுவதில்லை. அந்த விளையாட்டுக்குள்ளே ஒரு பெட்டி இருக்கிறது. பணம் கொடுத்தால்தான் அது திறக்கும். உள்ளே இருப்பது என்னவென்று திறந்த பிறகே தெரியும். மார்க்கம் பெயர் சொல்லி விலக்கிய மைஸிர், அதாவது சூது, நம் பிள்ளைகளின் உள்ளங்கையில் பன்னிரண்டு வயதிலேயே வந்து அமர்ந்துவிட்டது. நாமோ பொம்மைத் துப்பாக்கியைப் பற்றி வாதம் செய்துகொண்டிருக்கிறோம்.

விளையாட்டு மென்பொருள் எழுதுவதே எனக்குப் பிழைப்பு. பேகம்பூரில் ஓதி வளர்ந்து, பொறியியல் படித்து, இத்தொழிலுக்கு வந்தவன். ஃபத்வா கொடுப்பது என் வேலையன்று. அதற்கு ஆலிம்கள் இருக்கிறார்கள். ஆனால் ஒரு பொருளின் இயல்பை அறியாமல் அதற்குத் தீர்ப்பு வழங்க இயலாது. உள்ளிருந்து பார்த்தவன் என்ற முறையில் அந்த இயல்பை மட்டும் இங்கே எடுத்து வைக்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுவோம். விளையாட்டு என்பதே ஹராம் என்று பொத்தாம் பொதுவாக முழங்குவோருடன் எனக்கு உடன்பாடில்லை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் தம் தோழியருடன் பொம்மை வைத்து விளையாடியதையும், பெருநாள் அன்று அபிசீனியர்கள் பள்ளியில் ஈட்டி விளையாட்டு நிகழ்த்தியதை அண்ணலாரின் தோளுக்குப் பின்னின்று கண்டு மகிழ்ந்ததையும் ஹதீஸ் நூல்கள் பதிவு செய்துள்ளன. விளையாடும் ஆசையைப் படைத்தவன் அல்லாஹ். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஹராம் என்று சொல்வதால் என்ன நேர்கிறது? பிள்ளை அந்தப் பேச்சையே காதில் வாங்குவதில்லை. சதுரங்கப் புதிரும் சூதுப் பெட்டியும் அவனுக்கு ஒரே பட்டியலில் வந்து சேர்கின்றன. ஒன்றை மீறியவனுக்கு மற்றொன்றை மீறத் தயக்கம் இருப்பதில்லை.

இனி அந்தப் பெட்டிக்கு வருவோம். ‘கவுண்டர் ஸ்ட்ரைக்’ என்ற கணினி விளையாட்டில் 2013 ஆகஸ்டில் அது அறிமுகமானது. விளையாடுகிறவனுக்குப் பெட்டி இலவசமாகக் கிடைக்கும். ஆனால் பூட்டியிருக்கும். சாவியின் விலை 2.49 டாலர். எங்கள் திண்டுக்கல் பூட்டுக்குப் பெயர்போன ஊர். 2019இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. பூட்டு வாங்கினால் சாவி கூடவே வரும் என்பது இங்கே சிறு பிள்ளைக்கும் தெரியும். பூட்டை இலவசமாகக் கொடுத்துச் சாவியை மட்டும் காசுக்கு விற்கும் வியாபாரி ஒருவன் எங்கள் கடைவீதிக்கு வந்திருந்தால் அவனை மாலைக்குள் மூட்டை கட்ட வைத்திருப்பார்கள். கைப்பேசிக்குள் வந்தவனை மட்டும் நாம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

அந்தப் பெட்டிக்குள் அரிய பொருள் கிடைக்கும் வாய்ப்பு எவ்வளவு? நிகழ்தகவை வெளியிட்டாக வேண்டும் என்று சீன அரசு உத்தரவிட்டதால், அந்நாட்டு வெளியீட்டாளர் 2017இல் கணக்கைச் சொல்ல நேர்ந்தது: 0.26 விழுக்காடு. சராசரியாக ஏறத்தாழ 385 பெட்டிகளுக்கு ஒன்று. சாவிக்கு மட்டும் 950 டாலருக்கு மேல் ஆகிறது. கிடைப்பது என்ன? கத்தியின் மேல் பூசிய ஒரு வண்ணம்.

நம் பிள்ளைகள் ஆடுவது கணினியில் அன்று, கைப்பேசியில். அங்கே ‘ஃப்ரீ ஃபயர்’ விளையாட்டில் ரூபாய் முதலில் வைரமாகிறது. வைரம் சுழற்சிச் சக்கரத்துக்குச் செல்கிறது. ‘பிஜிஎம்ஐ’யில் வைரத்துக்குப் பதில் யூசி, சக்கரத்துக்குப் பதில் கிரேட் பெட்டி. ஏன் நேரடியாக ரூபாயில் விலை போடுவதில்லை? ரூபாய் என்றால் பிள்ளைக்கு அத்தாவின் முகம் நினைவுக்கு வரும். வைரம் என்றால் வராது. விற்கும் கட்டுகளின் அளவும் பொருள்களின் விலையும் சரியாகப் பொருந்துவதில்லை. எப்போதும் கொஞ்சம் மிஞ்சும், அல்லது கொஞ்சம் குறையும். மிஞ்சியதை வீணாக்க மனமின்றி அடுத்த கட்டு வாங்கப்படுகிறது. இது தற்செயலாக நேர்வதன்று.

சக்கரத்தைப் பற்றி மற்றொரு செய்தி. முள் பெரும்பரிசின் அருகில் வந்து, தயங்கி, ஒரு கட்டம் தாண்டி நிற்பதைப் பிள்ளைகள் மூச்சடக்கிப் பார்ப்பார்கள். ‘மயிரிழையில் தவறிவிட்டது’ என்பார்கள். மயிரிழையும் இல்லை, ஒன்றும் இல்லை. விரல் பொத்தானைத் தொட்டதுமே முடிவு நிறுவனத்தின் சர்வரில் தீர்மானமாகிவிடுகிறது. அதன் பிறகு சுழல்வது வெறும் படம். அந்தத் தயக்கத்தையும் யாரோ ஒருவர் சம்பளம் வாங்கிக்கொண்டு வரைந்திருக்கிறார்.

‘பெட்டியைத் திறந்தால் ஏதாவது ஒன்று நிச்சயம் கிடைக்கிறதே, அது எப்படிச் சூதாகும்?’ என்று என் தொழில் நண்பர்கள் கேட்பதுண்டு. பெட்டிக்கடையில் அட்டையில் ஒட்டிய பரிசுச் சீட்டைக் கிழித்த தலைமுறை நம்முடையது. கிழித்தவனுக்கும் ஒரு மிட்டாய் கிடைக்கத்தான் செய்தது. மிட்டாய்க்காகவா கிழித்தோம்? சுரண்டல் லாட்டரி எத்தனை குடும்பங்களைத் தெருவில் நிறுத்தியது என்பதைக் கண்டுதான் தமிழக அரசு 2003 ஜனவரியில் லாட்டரியையே தடை செய்தது. ஷரீஅத்திலும் இது புதிய கேள்வியன்று. விற்பனைப் பொருள் இன்னதென்று அறியாமல் செய்யும் வியாபாரத்தை, ஃகரர் என்று, அண்ணலார் தடுத்தார்கள். நீருக்குள் நீந்தும் மீனையும் வானில் பறக்கும் பறவையையும் பிடிக்குமுன் விற்பதை ஃபிக்ஹ் நூல்கள் உதாரணம் காட்டும். பூட்டிய பெட்டி அந்த மீனைவிட மோசம். மீனாவது ஆற்றில் உண்மையாக இருக்கிறது.

விளையாடுவோர் நடுவே வளர்ந்திருக்கும் பண்பாட்டையும் இங்கேதான் வைத்துப் பார்க்க வேண்டும். பெற்றோர் அதை விடலைத்தனம் என்று எண்ணி விட்டுவிடுகிறார்கள். இலவச உடையில் களமிறங்கும் சிறுவனை ‘நூப்’ என்று ஏளனம் செய்வது, ‘பாட்’ என்று அழைப்பது, அணியிலிருந்து விலக்குவது, ஒலிபெருக்கியில் அவன் தாயை இழுத்து ஏசுவது, பெயரில் ‘முஹம்மது’ இருந்தால் பயங்கரவாதி என்று சொல்லிச் சிரிப்பது. இந்த இழிவை யாரும் திட்டமிட்டுக் கற்பிக்கவில்லை என்று வாதிடலாம். ஆனால் அதனால் இலாபம் அடைவது யார்? ஆடையால் ஆற்றல் கூடுவதில்லை, வெறும் அலங்காரம் என்று நிறுவனங்களே சொல்கின்றன. ஆற்றல் கூடாத ஓர் அலங்காரத்தைப் பிள்ளை ஏன் வாங்குகிறான்? அது இல்லாதவனை நண்பர்கள் எள்ளுகிறார்கள் என்பதால்தான். ஏளனமே இங்கு விற்பனைப் பிரதிநிதி. அதற்குச் சம்பளமும் கிடையாது. அந்த ஏசும் நாவுகளில் நம் பிள்ளைகளின் நாவும் உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். ரமளானில் தராவீஹ் முடிந்து பள்ளிக்கு வெளியே படிக்கட்டில் வரிசையாக அமர்ந்திருப்பவர்களின் அருகே ஐந்து நிமிடம் நின்று பாருங்கள்.

அல்மாயிதா அத்தியாயத்தின் 90, 91ஆம் வசனங்களை எடுத்து ஓதிப் பாருங்கள். சூதினால் விளைவதாக அங்கே இரண்டு சொல்லப்படுகின்றன: மனிதரிடையே பகை, இறை நினைவிலிருந்தும் தொழுகையிலிருந்தும் தடுக்கப்படுதல். முதலாவதைத்தான் மேலே கண்டோம். இரண்டாவதற்கு விளையாட்டின் நாட்காட்டியே சாட்சி. தினமும் உள்ளே வந்தால் பரிசு; ஒரு நாள் தவறினால் தொடர் அறுந்துவிடும். இந்தச் சலுகை இன்னும் இரண்டு மணி நேரமே என்று கடிகாரம் ஓடும். ஐந்து நேரமும் அழைக்கும் பாங்குக்குப் போட்டியாக இன்னொரு அழைப்பு.

அரசு பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடலாமா? 2020 செப்டம்பர் 2 அன்று ‘பப்ஜி’ தடை செய்யப்பட்டபோது ஊரெங்கும் நிம்மதிப் பெருமூச்சு. தடைக்குக் காரணமாகச் சொல்லப்பட்டது நாட்டின் பாதுகாப்பும் தகவல் திருட்டும், சூதன்று. 2021 ஜூலையில் அதுவே ‘பிஜிஎம்ஐ’ என்ற பெயரில் திரும்பி வந்தது. 2022 பிப்ரவரியில் ‘ஃப்ரீ ஃபயர்’ தடையானது. ‘ஃப்ரீ ஃபயர் மேக்ஸ்’ கடையிலேயே இருந்தது. தமிழகச் சட்டமன்றம் 2022இல் இணையச் சூதாட்டத் தடை மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநர் 2023 மார்ச்சில் திருப்பி அனுப்ப, மீண்டும் நிறைவேற்றப்பட்டு ஏப்ரலில் சட்டமானது. ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள் என்று அதே ஆண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை நாடு முழுவதும் தடுத்தது. நல்ல செயல், ரம்மியால் உயிர்கள் போயின. ஆனால் அச்சட்டம் குறிவைப்பது, பணம் கட்டிப் பணமோ பயனோ வெல்லும் எதிர்பார்ப்பை. பணமாகத் திரும்பாத வண்ணத்துக்காகப் பணத்தை இழக்கும் சிறுவனின் பெட்டி அதில் பெயர் சொல்லிக் குறிக்கப்படவில்லை. ரம்மிக்காரனுக்காவது வென்றால் காசு உண்டு. இவனுக்கு வென்றாலும் இழப்புத்தான்.

முஸ்லிம் அல்லாத நாடுகள் நம்மை முந்திக்கொண்டன. சில பொருள்களை முழுத் தொகுதியாகச் சேர்த்தால் பெரும்பரிசு என்ற பெட்டி முறையை ஜப்பான் 2012இலேயே சட்டவிரோதம் என்றது. பெல்ஜியம் 2018இல் இத்தகைய பெட்டிகள் சூதாட்டச் சட்டத்துக்கு உட்பட்டவை என்று அறிவித்தது. ‘கென்ஷின் இம்பாக்ட்’ நிறுவனம் 2 கோடி டாலர் செலுத்தவும், பெற்றோர் ஒப்புதலின்றிப் பதினாறு வயதுக்குக் கீழ்ப்பட்டோருக்குப் பெட்டி விற்காதிருக்கவும் 2025 ஜனவரியில் அமெரிக்காவில் உடன்பட்டது. மைஸிர் என்ற சொல்லையே அறியாதவர்கள் அதன் தீங்கை அறிந்தார்கள்.

நாம் எதற்குக் கொதித்தோம் என்றும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2021 நவம்பரில் ‘கால் ஆஃப் டியூட்டி: வான்கார்ட்’ விளையாட்டில் திருக்குர்ஆன் பக்கங்கள் தரையில் சிதறிக் கிடப்பதாகக் காட்சி இருந்தது. உலக முஸ்லிம்கள் கண்டித்தார்கள். நிறுவனம் மன்னிப்புக் கேட்டு அக்காட்சியை நீக்கியது. கண்டித்தது முற்றிலும் சரி. ஆனால் அத்தனை விரைவாக நீக்க அவர்களால் எப்படி முடிந்தது? ஒரு படத்தை அழிக்கச் செலவே இல்லை. பெட்டியை நீக்கச் சொல்லுங்கள், பார்ப்போம். வருமானம் அங்கேதான் இருக்கிறது. அதிலும் பெரும்பகுதி, அடங்காமல் செலவழிக்கும் மிகச் சிலரிடமிருந்து வருகிறது. அவர்களைத் ‘திமிங்கிலம்’ என்று தொழிலில் அழைப்பார்கள். மனிதனுக்கு வைக்கும் பெயரா இது? குர்ஆனின் தாளைக் காக்க ஒன்று திரண்ட சமுதாயம், அதன் கட்டளையைக் காக்க ஏன் திரளவில்லை?

இறுதியாக, இத்தொழிலில் இருக்கும், இனி வரப்போகும் நம் இளைஞர்களுக்கு. நேர்முகத் தேர்வு ஒன்றில், மூன்றாம் நாளில் சிறுவன் முதற்பணம் கட்டுமாறு ஒரு பரிசு முறையை வரைந்து காட்டச் சொன்னார்கள். மறுத்து எழுந்து வந்தேன். வேறு வேலை கிடைக்கச் சில மாதங்கள் ஆயின, கிடைத்தது. ‘நான் நிரல் மட்டுமே எழுதினேன்’ என்று சொல்பவர்கள், வட்டியை எழுதி வைப்பவனையும் அதற்குச் சாட்சி நிற்பவனையும் குறித்து ஹதீஸில் வந்திருப்பதை ஒருமுறை படிக்கட்டும். இது வட்டியன்று, சூது என்று நுணுக்கம் பேசுவது அவரவர் துணிவு.

மாற்று வழி இல்லாமல் இல்லை. எகிப்திய வம்சாவளியில் நெதர்லாந்தில் பிறந்த ரமி இஸ்மாயீல் ஒரு முஸ்லிம். விளையாட்டுகளில் முஸ்லிம்கள் சுடப்படுவதற்கான உருவங்களாகவே வருவதையும், அரபு எழுத்துகள் பிய்த்துத் தலைகீழாக அச்சேறுவதையும் பல்லாண்டுகளாகக் கண்டித்து வருபவர். அவரும் தோழர்களும் 2013இல் வெளியிட்ட ‘ரிடிக்குலஸ் ஃபிஷிங்’ ஒரே விலைக்கு ஒருமுறை விற்கப்பட்டது. உள்ளே பெட்டியும் இல்லை, வைரமும் இல்லை. அந்த ஆண்டின் சிறந்த ஐபோன் விளையாட்டு என்று ஆப்பிள் அதைத் தேர்ந்தெடுத்தது. நம் மொழிக்கே வருவோம். கனடாவின் டொராண்டோவிலிருந்து 2023இல் வெளிவந்த ‘வெண்பா’, புலம்பெயர்ந்த ஒரு தமிழ்த் தாயின் சமையலறையை விளையாட்டாக்கியது. கிழிந்த சமையல் குறிப்பேட்டில் விடுபட்டதை ஊகித்து இட்லியும் புட்டும் செய்ய வேண்டும். ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடும். முடிந்துவிடும் என்பதையே அதன் பெருமையாகச் சொல்வேன். 2024இல் பிரிட்டனின் பாஃப்டா விருதும் பெற்றது. இட்லிக்கு இடமிருக்கும் உலகில் எங்கள் ஊர்ச் சீரகச் சம்பா பிரியாணிக்கும், பேகம்பூர்ப் பள்ளிவாசலில் அடங்கியிருக்கும் ஹைதர் அலியின் தங்கை அமீருன்னிஸா பேகத்தின் வரலாற்றுக்கும் இடமில்லையா? எழுதுவதற்குத்தான் ஆளில்லை.

ஜமாஅத் நிர்வாகிகளிடம் ஒரு கோரிக்கை. ஒரு ஜும்ஆவில், ஒரே ஒரு ஜும்ஆவில், துப்பாக்கியை விட்டுவிட்டுப் பெட்டியைப் பற்றிப் பேசச் செய்யுங்கள். கதீப் விரும்பினால் அந்தச் சக்கரம் எப்படி இயங்குகிறது என்பதை முன்கூட்டியே அவருக்குக் கைப்பேசியில் காட்ட நான் அணியமாயிருக்கிறேன். பெற்றோர்களே, இன்றிரவு இஷாவுக்குப் பிறகு பிள்ளையை அருகில் அமர்த்தி, கோபமின்றி, ‘வைரம் வாங்கியிருக்கிறாயா, யாருடைய யூபிஐயில்?’ என்று கேளுங்கள். உங்கள் வங்கிக் கணக்கின் மூன்று மாதக் குறுஞ்செய்திகளையும் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.