டிப் அடிச்சா அணையணும்



கார் விளக்கைப் பத்தி ஒரு பொம்பளப் புள்ள எதுக்கு எழுதணும்னு சில பேர் கேட்கலாம். ராத்திரி ரோட்டுல நடந்து போற யாரும் எழுதலாம் என்பதுதான் என் பதில். அதோட எங்க மாமா ஆட்டோ எலக்ட்ரீஷியன். லீவு நாளில் அவருடைய பட்டறையில் உட்கார்ந்து டேப், ஃபியூஸ், ஸ்குரூ டிரைவர் எல்லாம் எடுத்துக் கொடுப்பேன். அதனால் கொஞ்சம் தெரிந்துதான் எழுதுகிறேன்.

இப்போது பைக், கார், வேன், டிராக்டர் எதைப் பார்த்தாலும் முன்னாடி எக்ஸ்ட்ரா லைட் மாட்டியிருக்கிறார்கள். எக்ஸ்ட்ரா லைட்டே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. எதிரில் வண்டி வரும்போது டிப் அடிச்சா, அந்த எக்ஸ்ட்ரா லைட்டும் சேர்ந்து அணையணும். அப்படி அணையாத லைட்டை யாரும் மாட்டவும் கூடாது, மாட்டித் தரவும் கூடாது. இதுதான் என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

1966-ல் நடந்த சண்டை

மாமா பட்டறைச் சுவரில் ஒரு பழைய படம் ஒட்டியிருக்கு. சிவப்பு கார், வெள்ளைக் கூரை, முன்னாடி வரிசையா விளக்குகள். அதுதான் மினி கூப்பர். பார்க்க தீப்பெட்டி மாதிரி சின்னதா இருக்கும். ஆனால் ஐரோப்பாவில் நடக்கும் மான்டி கார்லோ ராலியில் 1964-லும் 1965-லும் அதுதான் ஜெயித்தது. அந்த ராலி 1911-ல் ஆரம்பித்தது. ராலி என்றால் ஒரே மைதானத்தைச் சுற்றிச் சுற்றி வருவது இல்லை. மலைப்பாதையில், பனி கொட்டும்போது, நடு ராத்திரியிலும் ஓட்டணும். அதனால்தான் அந்தக் கார்களுக்கு நாலு விளக்கு, அஞ்சு விளக்கு மாட்டுகிறார்கள். அழகுக்காக இல்லை.

1966-ல் மினி கார்கள் மூன்றும் முன்னணியில் வந்தன. ஆனால் போட்டி முடிந்து சோதனை செய்தபோது முதல் நாலு இடத்தில் இருந்த கார்களையும் தகுதி இல்லை என்று நீக்கிவிட்டார்கள். மூன்று மினி, ஒரு ஃபோர்டு. காரணம் என்ஜின் இல்லை, டயர் இல்லை. ஹெட்லைட் பல்ப்!

ஹாலஜன் பல்ப் கார்களுக்கு வந்தது 1962-ல். அது பழைய பல்பை விட நல்ல வெளிச்சம் தரும். ஆனால் அப்போது அதற்குள் ஒரே ஒரு இழைதான் உண்டு. பிரைட்டுக்கு ஒன்று, டிப்புக்கு ஒன்று என இரண்டு இழை வைத்த ஹெச்4 ஹாலஜன் பல்ப் 1971-ல்தான் வந்தது. மினி கார்களின் ஹெட்லைட்டில் இருந்தது ஒற்றை இழை பல்ப். கடையில் விற்கும் அதே காரில் இரண்டு இழை பல்ப் இருந்து டிப் ஆகும், இதில் ஆகாது என்று சொல்லி நீக்கினார்கள். பிரெஞ்சுக் காரான சிட்ரோயனுக்குப் பரிசு போனது. இங்கிலாந்துக்காரர்களுக்கு ரொம்பக் கோபம். 1967-ல் மறுபடியும் மினிதான் ஜெயித்தது.

அந்தத் தீர்ப்பு நியாயமா அநியாயமா என்று இன்னைக்கும் பேசுகிறார்கள். நான் அதுக்குள்ள போகல. ஒன்றை மட்டும் பாருங்க. உலகத்திலேயே பெயர் பெற்ற கார் போட்டியில் கூட 'உன் ஹெட்லைட் டிப் ஆகுமா' என்று கேட்டிருக்கிறார்கள். பால் சொசைட்டிக்குக் கேன் தூக்கிக்கிட்டு ஆள் போற நம்ம ரோட்டுல ஏன் யாருமே கேட்பதில்லை?

ஒரே ஒரு ஒயர்

எக்ஸ்ட்ரா லைட்டுக்கு எப்படி ஒயரிங் செய்வார்கள் என்று சொல்கிறேன். இது நம்ம அறிவியல் பாடம்தான். திறன் = மின்னழுத்தம் × மின்னோட்டம். கார் பேட்டரி 12 வோல்ட். 55 வாட் பல்ப் இரண்டு போட்டால் 110 வாட். 110-ஐ 12-ஆல் வகுத்தால் 9 ஆம்பியருக்கு மேல் வரும். 100 வாட் பல்ப் இரண்டு போட்டால் கிட்டத்தட்ட 17 ஆம்பியர். இவ்வளவு கரண்டை ஒரு சின்ன சுவிட்ச் வழியா அனுப்பினால் சுவிட்ச் உருகும், ஒயர் சூடாகும், சில நேரம் தீப்பிடிக்கும்.

அதனால் நடுவில் ரிலே வைப்பார்கள். ரிலே என்பது தீப்பெட்டியை விடச் சின்ன ஒரு கறுப்பு டப்பா. உள்ளே ஒரு மின்காந்தம் இருக்கும். வெளியே நாலு கால், அதுக்கு நம்பர் இருக்கும். 30-க்கு பேட்டரியில் இருந்து ஃபியூஸ் வழியா ஒயர் வரணும். இரண்டு 55 வாட் பல்புக்கு 15 ஆம்பியர் ஃபியூஸ் போதும். அதைப் பேட்டரிக்குப் பக்கத்திலேயே வைக்கணும். 87-ல் இருந்து லைட்டுக்குப் போகும். 85 எர்த். 86-க்கு சுவிட்சில் இருந்து வரும் சின்ன ஒயர். அந்தச் சின்ன ஒயரில் கால் ஆம்பியர் கூடப் போகாது. ஆனால் அது சொன்னால்தான் பெரிய கரண்ட் போகும். வகுப்பில் லீடர் மாதிரி!

நான் சொல்ல வந்த விஷயமே இந்த 86-ல்தான் இருக்கு. அந்தச் சின்ன ஒயரை நேரா பேட்டரி லைனில் இருந்து சுவிட்சுக்கு எடுத்தால், டிப் அடிச்சாலும் எக்ஸ்ட்ரா லைட் எரிஞ்சுக்கிட்டே இருக்கும். அதையே ஹெட்லைட்டின் பிரைட் ஒயரில் இருந்து எடுத்தால், டிப் அடிச்ச உடனே எக்ஸ்ட்ரா லைட்டும் தானா அணையும். கூடுதல் செலவு இல்லை. ஒயரை எங்கிருந்து எடுக்கிறோம் என்பது மட்டும்தான் வித்தியாசம்.

மாமாவிடம் கேட்டேன், "மாமா, நீங்க இந்த ஒயரை எங்கிருந்து எடுக்குறீங்க?"

"பார்ட்டி எப்படிக் கேக்குறாங்களோ அப்படித்தான் பாப்பா."

"எதிர்ல வர்றவங்களும் உங்க பார்ட்டி மாதிரிதானே மாமா? அவங்க யாருகிட்ட போய்க் கேப்பாங்க?" என்றேன். மாமா ஒண்ணும் பேசல. ஆனால் இப்போது பிரைட் ஒயரில் இருந்துதான் எடுப்பேன் என்று சொல்லிவிடுகிறார். அதனால் இரண்டு பார்ட்டி வேற கடைக்குப் போயிட்டாங்க. அத்தைக்கு அதில் வருத்தம்தான். நல்லது செய்தால் நட்டம் வரும் என்பது நிஜம்தான். எல்லாக் கடையிலும் இப்படியே மாட்டினால் யாருக்கும் நட்டம் வராது இல்லையா?

எல்.இ.டி. லைட்டுக்குக் கரண்ட் குறைவு. அதனால் ரிலேயே வேண்டாம் என்று நேரா கொடுத்து விடுகிறார்கள். கரண்ட் குறைந்தால் கண் கூசுவது குறையாது.

வெளிநாட்டு லைட் என்றால் நல்லதா?

'இது இம்போர்ட்டட்' என்று சொன்னால் உடனே எல்லாரும் வாயைப் பிளக்கிறார்கள். நாம் சாலையில் இடப்பக்கம் போகிறோம். ஜப்பானிலும் இங்கிலாந்திலும் அப்படித்தான். ஜெர்மனி, பிரான்ஸ், அமெரிக்கா, சீனா எல்லாம் வலப்பக்கம். ஹெட்லைட்டில் டிப் போட்டால் வெளிச்சம் ரோட்டு ஓரப் பக்கம் கொஞ்சம் தூக்கி விழும். ஓரமா நடப்பவர் தெரியணும் என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். வலப்பக்கம் போகிற நாட்டுக்குச் செய்த ஹெட்லைட்டை இங்கே மாட்டினால், அந்தத் தூக்கின வெளிச்சம் எதிரில் வருபவர் கண்ணில் விழும். நடப்பவர் இருட்டில் இருப்பார். விளக்கு மேல் குற்றம் இல்லை. அது அதோட ஊருக்கு நல்ல விளக்கு. எந்த நாட்டு ரோட்டுக்குச் செய்தது என்று கேட்டுத்தான் வாங்கணும்.

பல்ப் மாத்துவதும் அப்படித்தான். குழியாடியின் குவியத்தில் ஒளி இருந்தால் அது இணைகதிராகத் திரும்பும் என்று படித்திருக்கிறோம். ஹெச்4 பல்பில் பிரைட் இழை ஏறக்குறைய அந்த இடத்தில் இருக்கும். டிப் இழை கொஞ்சம் முன்னால் தள்ளி இருக்கும், அதற்குக் கீழே ஒரு சின்ன தகடு இருக்கும். வெளிச்சம் கீழ்நோக்கி மட்டும் போகத்தான் இந்த ஏற்பாடு. அந்த இடத்தில் ஏதோ ஒரு எல்.இ.டி. பல்பைச் சொருகினால் ஒளி வரும் இடம் மாறிப் போகும். கதிர் கண்டபடி சிதறும். ஓட்டுபவருக்கு 'ஆகா, பளிச்னு இருக்கே' என்று தோன்றும். எதிரில் வருபவருக்குக் கண்ணே தெரியாது.

என் உயரத்துக்கு ஒரு சட்டம்

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989 என்று ஒன்று இருக்கு. அதில் 106-வது விதி சொல்வது இது: வண்டியின் முன் விளக்கு கீழ்நோக்கி இருக்கணும். விளக்கில் இருந்து 8 மீட்டர் தூரத்தில், விளக்குக்கு வலப்பக்கம் அரை மீட்டர் தள்ளி, தரையில் இருந்து 1.5 மீட்டர் உயரத்தில் கண் இருக்கும் ஒருவருக்கு அது கூசக் கூடாது. என் உயரம் 152 செ.மீ. என் கண் அதைவிடக் கொஞ்சம் கீழே. அப்படியென்றால் எங்க கிளாஸ் பிள்ளைகளின் கண் மட்டத்துக்கே சட்டம் எழுதி வைத்த மாதிரிதானே! 111-வது விதி, முன்பக்கம் ஸ்பாட் லைட், சர்ச் லைட் வைக்கவே கூடாது என்கிறது. மிக அவசியம் என்றால் வண்டியைப் பதிவு செய்யும் அதிகாரியிடம் முன்னாடியே அனுமதி வாங்கணும். இது நிறையப் பேருக்குத் தெரியாது. அனுமதி இல்லாமல் ஸ்பாட் லைட் கேட்டு வந்தால் திருப்பி அனுப்புங்க என்றும் மாமாவிடம் சொன்னேன். அதுக்கு அவர் இன்னும் பதில் சொல்லல.

"ரோட்டுல தெரு விளக்கு இல்ல, மாடு குறுக்க வருது, பள்ளம் தெரியல, வெளிச்சம் வேண்டாமா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ரோடு காலியா இருக்கும்போது பிரைட் போடுங்க, யார் வேண்டாம்னா? மலையில் மூடுபனி என்றால் அதுக்கு ஃபாக் லேம்ப் இருக்கு. அது பம்பர் மட்டத்தில் கீழே இருக்கும், வெளிச்சம் அகலமா தட்டையா விழும். பனியில் பிரைட் போட்டால் வெள்ளைத் துணி கட்டின மாதிரி நம்ம கண்ணுக்கே திரும்பி அடிக்கும்.

"எதிர்ல வர்றவன் டிப் அடிக்கல, அதனால நானும் அடிக்கல" என்பது இன்னொரு பேச்சு. இரண்டு பேரும் சண்டை போடுவது போலத் தோன்றும். ஆனால் அடி வாங்குவது மூன்றாவது ஆள். 60 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் போகும். கண் கூசி மூன்று நொடி தெரியாமல் போனால் 50 மீட்டர். விளையாட்டு விழாவில் சின்னப் பிள்ளைகள் ஓடுற தூரம் அது. அவ்வளவு தூரமும் அந்த டிரைவர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவதும் ஒன்றுதான். அந்த 50 மீட்டருக்குள் ரோட்டோரம் யார் நடக்கிறார்கள்? காருக்குள் இருப்பவர்கள் இல்லை. விடிகாலையில் பால் கொண்டு போகிற அம்மாக்கள், கடைசி பஸ்ஸில் இறங்கி வரும் அக்காக்கள், மாடு பிடித்து வரும் தாத்தாக்கள், சைக்கிளில் வரும் நாம்.

நாம் என்ன செய்யலாம்? பள்ளிக் காம்பவுண்டுச் சுவரில் 1.5 மீட்டர் உயரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போடலாம். 8 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி டிப் போட்டுப் பார்க்கலாம். பளிச்சென்ற வெளிச்சம் கோட்டுக்குக் கீழேயே இருந்தால் சரி. கோட்டைத் தொட்டால் விளக்கைச் சரி செய்யணும். சாயங்காலம் கொஞ்சம் இருட்டினதும் ஒரு நாள் தலைமை ஆசிரியர் அனுமதித்தால் நன்றாக இருக்கும். ஆசிரியர்களின் வண்டிகளையும் கொண்டு வரலாம், கோபித்துக்கொள்ளாதீர்கள்!

வீட்டில் அண்ணன், சித்தப்பா யாராவது எக்ஸ்ட்ரா லைட் மாட்டியிருந்தால், இன்னைக்கு ராத்திரி ஒரு தடவை வண்டிக்கு எதிரில் நின்னு "டிப் அடிங்க" என்று சொல்லிப் பாருங்க. எக்ஸ்ட்ரா லைட் அணையாவிட்டால், ஒயரை மாத்த அரை மணி நேரம் போதும் என்று சொல்லுங்க. கேட்க மாட்டேன் என்றால், அவரை அந்த இடத்தில் நிற்க வைத்து நீங்கள் சுவிட்சைப் போடுங்க.



ஒன்பதாம் வகுப்பு மாணவி