பால்மாப் பேணியும் பாலகர் பார்வையும்

குழந்தைப் பால்மாப் பேணிகளில் 'டீ.எச்.ஏ.' எனும் மூன்றெழுத்து இன்று மந்திரம்போல் மதிக்கப்படுகின்றது. அஃது ஒரு கொழுப்பமிலம். விழித்திரையின் ஒளியுணர் கலங்களிற் செறிந்திருப்பது. இதனை எவரும் மறுக்கார். ஆயின், பேணியில் இட்டமையாலேயே பார்வை கூர்மையுறும் என்பது எங்ஙனம் பொருந்தும்?

எழுத்தறியாச் சிசுவின் பார்வையை அளப்பது எளிதன்று. ஒருபுறம் வெறுஞ் சாம்பல் நிறமும் மறுபுறம் கோடுகளும் அமைந்த அட்டையைக் காட்டின், குழந்தை கோடுகளையே நாடும்; அது நாடும் மிக நுண்ணிய கோடே அளவுகோல். மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்வது மற்றொரு முறை. இரண்டும் ஒரே விடை தருவதில்லை. நிறைமாதக் குழந்தைகள் பற்றிய சோதனைகளைத் தொகுத்தாராய்ந்த 2017 ஆம் ஆண்டுக் கொக்ரேன் மீளாய்வு, பார்வைக்கூர்மையிற் சீரான பயனைக் கண்டிலது. அங்கு ஒப்பிடப்பட்டவையும் இவ்வமிலம் சேர்த்த பால்மாவும் சேர்க்காத பால்மாவுமே. தாய்ப்பாலை வென்ற பேணி எதுவுமில்லை.

குறைமாதக் குழந்தையின் நிலை வேறு. பால் சுரவாத தாயைப் பழிப்பதும் அறமன்று. பழிக்கத்தக்கது வணிகமே. தாய்ப்பால் மாற்றீடுகளின் விற்பனையைக் கட்டுப்படுத்த இலங்கை 1983 இல் ஒழுக்கக்கோவை வகுத்தது. எனினும் பேணியின் மூன்றெழுத்து வாய்மூடவில்லை.

தாய்ப்பாலில் இவ்வமிலம் இயல்பாகவே உண்டு. தாய் மீனுண்டால் மிகும். மருதமுனை முதல் நிந்தவூர் வரை கடலே முற்றம். சாளையும் நெத்தலியும் அரிய பொருள்களல்ல. ஆயினும், பிள்ளைபெற்றவளுக்குப் பால்சுறாவைத் தேடிச் சமைக்கும் வீடுகளிலேயே பிற மீன்கள் கிரந்தியென விலக்கப்படுவதுண்டு. தாயின் உண்கலத்திலிருந்து நீக்கியதனையே பின்னர் பேணியில் விலைகொடுத்து வாங்குகின்றனர்.