பொப்பிப் பூவா, பூவரசம் பூவா?

லண்டனில் இருந்து வந்த பெரியம்மா ஒரு சின்ன விதைப் பைக்கற்றை எங்கட வீட்டு மேசையில் வைத்தா. மேலே ஊதா நிறத்தில் பொப்பிப் பூப் படம். "அங்க கார்டன்ல தன்பாட்டில முளைக்குது பிள்ளை. இஞ்சயும் போட்டுப் பார்" எண்டா. தலைமன்னார் மணலில் கத்தரியே கெஞ்சினால்தான் காய்க்கும், பொப்பி முளைக்குமோ தெரியாது. ஆனால் முளைத்தால் என்ன நடக்கும் எண்டதுதான் என்னை யோசிக்க வைத்தது.

பொப்பி எண்டு ஒரு செடி இல்லை. நவம்பர் 11இல் வெள்ளைக்காரர் நெஞ்சில் குத்துகிற சிவப்புப் பொப்பி ஒரு இனம், அதில் மோர்ஃபின் கிடையாது. அபின் எடுக்கிற பொப்பி வேறு இனம். அதன் பச்சைக் காயைக் கீறினால் வடிகிற பால் காய்ந்துதான் அபின் ஆகிறது. மோர்ஃபினும் கொடீனும் அதற்குள்தான் இருக்கு. இந்த இரண்டாவது இனத்தையே அடுக்கு இதழோட வளர்த்து, அழகுப் பூ எண்டு வெளிநாட்டுக் கடைகளில் விற்கிறார்கள். இதழ் எத்தனை அடுக்கானாலும் செடி அதேதான். பெரியம்மாவின் பைக்கற்றில் இருந்ததும் அதுதான்.

பிரித்தானியாவில் இதைத் தோட்டத்தில் வளர்ப்பது குற்றம் இல்லை, அபின் எடுத்தால்தான் குற்றம். அமெரிக்காவில் விதை வாங்கலாம், செடி சட்டவிரோதம். அங்கே மைக்கேல் பொலன் என்ற எழுத்தாளர் தன் தோட்டத்துப் பொப்பி பற்றி 1997இல் ஒரு கட்டுரை எழுதினார். வழக்குக்குப் பயந்து சில பக்கங்களை எடுத்துவிட்டு, 2021இல்தான் அவற்றைப் புத்தகத்தில் போட்டார். இந்தியாவில் 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தில் உரிமம் உள்ள விவசாயிகள் மட்டும்தான் பயிரிடலாம்.

இலங்கையில்? 1929இன் 17ஆம் இலக்க நஞ்சுகள், அபின் மற்றும் அபாயகரமான ஔடதங்கள் கட்டளைச் சட்டம் பொப்பி, கொக்கா, கஞ்சா மூன்றையும் ஒரே வரிசையில் வைக்கிறது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் நடவும் கூடாது, வைத்திருக்கவும் கூடாது. 1984இல் வந்த திருத்தம் அபின் கடத்தலுக்கு மரண தண்டனை வரை கொண்டுபோனது.

சட்டம் இப்படி இருக்க, எங்கட ஆக்களுக்குச் செடியே தெரியாது. பலூடாவுக்குள் நாங்கள் போடுகிற கசகசா துளசி இனத்தின் விதை, தண்ணியில் போட்டால் ஊதும். தமிழ்நாட்டில் குருமாவுக்கு அரைக்கிற கசகசா அபின் பொப்பியின் விதை. சுமார் 30 கிலோமீற்றர் கடலைத் தாண்டினால் அதே பெயருக்கு வேறு செடி! இந்தியாவில் அந்த விதை சட்டப்படி மளிகைச் சாமான். சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் அதுவே தடை. சமையலுக்கு எண்டு பையில் கொண்டுபோன தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் அங்கே மாட்டியிருக்கிறார்கள்.

இன்னொரு வேடிக்கை. எங்கட ரோட்டோரத்தில் மஞ்சள் பூவும் முள்ளுமாக நிற்கிற பிரமதண்டும் பொப்பிக் குடும்பம்தான். அதில் அபின் இல்லை, ஒருவரும் பிடிக்கப் போவதும் இல்லை. ஆனால் அதன் விதை கலந்த கடுகெண்ணெயால் 1998இல் டெல்லியில் 60 பேருக்கு மேல் செத்தார்கள். ஆபத்தும் சட்டமும் எப்போதும் ஒரே செடியில் இருப்பதில்லை.

"ஒரு பூவுக்கு இவ்வளவு கதையா?" எண்டு கேட்பீர்கள். லண்டனில் எண்டால் தேவையில்லைதான். ஆனால் இது தலைமன்னார். கடலால் கேரளக் கஞ்சா வருகிறது எண்டு நேவியும் பொலிஸும் எந்த நேரமும் கண் வைத்திருக்கிற கரை. இங்கே ஒரு பெடியன் வீட்டுப் பூச்சாடியில் அபின் பொப்பி நின்றால், "அழகுக்கு வளர்த்தனான்" எண்ட பதிலை யார் நம்புவார்கள்? அடையாளம் உறுதியாகி அவன் வெளியில் வரும் முன்பே ஊர் பெயர் வைத்துவிடும்.

சட்டத்தை எடுக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. அபின் என்ன செய்யும் எண்டு உலகத்துக்குத் தெரியும். ஆனால் போதைக்குப் பயிரிடுகிறவனையும் தெரியாமல் ஒரு பூவை நட்டவளையும் சட்டம் பிரித்துப் பார்க்க வேண்டும். எந்தச் செடி, எந்த விதை தடை எண்டு படத்தோட, தமிழில், விமான நிலையத்திலும் பிரதேச செயலகத்திலும் ஒட்ட வேண்டும். 1929இல் எழுதினதை இன்றைக்குக் கிராமத்துப் பிள்ளைக்கு விளங்கச் சொல்வது அரசின் வேலை. அது நடக்கும் வரைக்கும், நடாதீர்கள்.

பதிலுக்கு என்ன நடலாம்? 1930களில் இந்த நாட்டு இளைஞர்கள் இதே பொப்பியை மறுத்திருக்கிறார்கள். நவம்பர் 11இல் விற்ற பொப்பிப் பூக் காசில் பெரும்பகுதி பிரித்தானியாவுக்குப் போனதால், அதற்குப் பதிலாக சூரியமல் விற்றார்கள். 1933இல் தென் கொழும்பு இளைஞர் கழகம் அதை இயக்கமாக்கியது. 1934-35 மலேரியாவின்போது அந்த இயக்கத்துப் பிள்ளைகள்தான் கிராமங்களுக்குள் இறங்கி வேலை செய்தார்கள்.

சூரியமல் எண்டால் வேறொன்றும் இல்லை, எங்கட பூவரசம் பூ. உப்புக் காற்றையும் மணலையும் தாங்கும். காலையில் மஞ்சளாக விரிந்து, வாடும்போது சிவக்கும். பெரியம்மாவின் பைக்கற்றை அடுப்புக்குள் போட்டுவிட்டு, வேலியோரம் ஒரு பூவரசங் கம்பு ஊன்றியிருக்கிறேன். அடுத்த முறை வரும்போது அவவுக்கு நிழல் இருக்கும்.